பெரிய டைனமோ மாட்டுவதற்கு முன்: லாரியின் சார்ஜிங் வயரிங்கைப் புதிதாகப் போடும் முறை

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்தில் பழைய லாரி வைத்திருப்பவர்கள் பலர் கடந்த சில ஆண்டுகளில் வண்டியில் மின்சாரம் இழுக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஓட்டுநர் அறைக்கு ஏ.சி., பாடியைச் சுற்றி எல்.இ.டி. விளக்குகள், பின்பக்கக் கேமரா, ஜி.பி.எஸ். கருவி, நாலைந்து செல்பேசி சார்ஜர்கள் என்று சுமை ஏறிக்கொண்டே போக, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தந்து பேட்டரியை நிரப்பும், வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டர் (பட்டறைப் பேச்சில் டைனமோ) மட்டும் அன்றிருந்தபடியே இருக்கிறது. பேட்டரி இறங்கத் தொடங்கியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பெரிய டைனமோ ஒன்று மாட்டிக் கொடுங்கள். மாட்டுவது அரை நாள் வேலைகூட இல்லை. ஆனால் அதிலிருந்து பேட்டரிக்குப் போகும் கம்பியும், பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குத் திரும்பும் எர்த்தும் பழையவையாகவே இருந்தால் செலவழித்த பணத்துக்குப் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கெட்ட நேரமாக இருந்தால் வண்டியே தீப்பிடிக்கும். கிணற்றில் ஐந்து ஹெச்.பி. மோட்டாரை இறக்கிவிட்டு மேலே பழைய சிறிய குழாயையே விட்டுவைப்பதைப் போன்றது அது.

இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் தம்பிகளுக்கும், தன் வண்டியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் ஓட்டுநர்களுக்கும் உரிமையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே சொல்பவை அனைத்தும், இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் பழைய லாரிகளைப் பற்றியவை. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) வண்டிகளில் பலவற்றின் சார்ஜிங் எஞ்சின் கணினியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், தயாரிப்பாளரின் வரைபடம் இல்லாமல் அவற்றில் கை வைக்கக் கூடாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு ஓட்டுநர் அறை ஏ.சி. கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது, அவற்றில் இந்தச் சுமைக்கான கணக்கைத் தொழிற்சாலையிலேயே போட்டிருப்பார்கள். பிரச்சினை, பிறகு ஏ.சி. சேர்த்துக்கொண்ட பழைய வண்டிகளுக்குத்தான். நாமக்கல்லில் ஏராளமாக உள்ள எரிவாயு டேங்கர்களைப் பொறுத்தவரை, அவற்றுக்குத் தனி உரிமமும் தனிப் பாதுகாப்பு விதிகளும் இருப்பதால் அந்த விதிகளைப் பார்க்காமல் ஒரு கம்பியைக்கூட மாற்ற வேண்டாம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டறைகளில் நாம் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். அதன் நடுவில் சுழலும் ரோட்டாருக்குக் கார்பன் பிரஷ்கள் வழியே ஒரு சிறு மின்னோட்டம் போய் அதைக் காந்தமாக்குகிறது. அதைச் சுற்றியுள்ள ஸ்டேட்டர் சுருள்களில் மூன்று ஃபேஸ் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக மாற்றி ‘பி பிளஸ்’ முனைக்கு அனுப்புகின்றன. ரெகுலேட்டர் வெளியீட்டு வோல்ட்டேஜைப் பார்த்து, ரோட்டாருக்குப் போகும் அந்தச் சிறு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் 28 வோல்ட் அளவில் நிறுத்துகிறது. பெரிய ஆல்டர்னேட்டரும் அதே 28 வோல்ட்டைத்தான் கொடுக்கும். கேட்டால் கூடுதல் ஆம்பியரைக் கொடுக்க அதனால் முடியும், அவ்வளவே வேறுபாடு. ஆகவே ‘ஆம்பியர் அதிகமான டைனமோ பேட்டரியைச் சுட்டுவிடும்’ என்ற பேச்சில் பெரும்பகுதி அச்சம்தான்; பேட்டரியைச் சுடுவது கெட்டுப்போன ரெகுலேட்டர்.

மாற்றத்தான் வேண்டுமா?

புதிதாக வருபவர்கள் தாவிக் கடந்துவிடும் படி இது. என்னிடம் டைனமோ மாற்ற வேண்டும் என்று வரும் வண்டிகளில் பலவற்றுக்கு எர்த் கம்பியைச் சுத்தம் செய்து இறுக்கியதும், தளர்ந்த பெல்ட்டைச் சரிசெய்ததுமே போதுமானதாக இருந்திருக்கின்றன. ஆகவே ஸ்பானரை எடுக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

வண்டி ஓர் இரவு ஓடாமல் நின்ற பிறகு இரண்டு பேட்டரிகளையும் சேர்த்து அளந்தால், நன்றாகச் சார்ஜ் ஏறியிருந்தால் 25.4 வோல்ட் அளவில் இருக்கும், 24.4 என்றால் பாதிதான் இருக்கிறது. அடுத்து ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளவுங்கள். இரண்டுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் ஒன்று நலிந்துவிட்டது, அல்லது ஒன்றிலிருந்து மட்டும் யாரோ 12 வோல்ட் எடுக்கிறார்கள் என்று பொருள். பாட்டுப் பெட்டிக்காக ஒரே பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து வைப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். அந்தப் பேட்டரி எப்போதும் குறைந்தே கிடக்கும். தொடரில் உள்ள மற்றொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி நீர் வற்றிப் போகும். எத்தனை பெரிய ஆல்டர்னேட்டர் வைத்தாலும் இது தீராது. 24-லிருந்து 12 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வாங்கி, 12 வோல்ட் பொருள்கள் அனைத்தையும் அதற்கு மாற்றுவதுதான் வழி.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்கு உயர்த்தி, ஹெட்லைட், ஏ.சி. ஊதி, வைப்பர் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பி பிளஸிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பிளஸிலும் வையுங்கள். காட்டும் எண் 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், ஆல்டர்னேட்டர் தருவதை வழியில் கம்பியே தின்றுகொண்டிருக்கிறது. அடுத்து ஆல்டர்னேட்டர் உடலுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் இடையே அளவுங்கள், அங்கே 0.3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் கெட்டிருக்கிறது. இறுதியாக மீட்டரை மாறுதிசை மின்சாரத்தை அளக்கும் ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி பி பிளஸுக்கும் எர்த்துக்கும் இடையே பாருங்கள். ஒரு வோல்ட்டை நெருங்கினால் உள்ளே ஏதோ ஒரு டயோடு போயிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். இந்தச் சோதனைகள் எல்லாம் நன்றாக இருந்தும் சுமையோடு வோல்ட்டேஜ் 27-க்குக் கீழே விழுந்தால்தான் ஆல்டர்னேட்டர் போதவில்லை என்ற முடிவுக்கு வர வேண்டும்.

சுமைக் கணக்கு

ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிக்குத் துணையாகக் குழாய்களை ஏற்றிச் செல்லும் லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய ஆல்டர்னேட்டர் 45 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டை 28-ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். ஹெட்லைட் டிம்மில் 70 வாட் வீதம் இரண்டு, 140 வாட், 5 ஆம்பியர். பார்க்கிங், பக்க விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு என்று 5 வாட் பல்புகள் பதினாறு, 80 வாட், ஏறக்குறைய 3 ஆம்பியர். வைப்பர் 4. ஏ.சி.யின் ஊதியும் கண்டன்சர் மின்விசிறிகளும் சேர்ந்து 15. கன்வர்ட்டர் வழியாகப் பாட்டு, சார்ஜர், கேமரா எல்லாம் 4. இரவு மழையில் ஓடும்போது இவை 31 ஆம்பியர் ஆகின்றன; செல்ஃப் அடித்த பிறகு பேட்டரி திரும்ப நிரம்புவதற்கு ஒரு 15 சேர்த்தால் 46. ஓடும்போது ஏதோ சமாளிக்கிறது.

போர் போடும் இடத்தில் நிற்கும்போது கணக்கே மாறிவிடுகிறது. ஹெட்லைட்டும் வைப்பரும் இல்லை. ஆனால் 48 வாட் எல்.இ.டி. வெளிச்ச விளக்குகள் ஆறு எரிகின்றன, அவை 10 ஆம்பியர். ஏ.சி. 15, பார்க்கிங் 3, மற்றவை 4, ஆக 32. எஞ்சினோ ஐட்லிங்கில் நிற்கிறது. ஆல்டர்னேட்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அது வேகமாகச் சுழலும்போது கிடைப்பது. ஐட்லிங்கில், உடல் சூடேறிய பிறகு, அதில் பாதிகூட வராது. 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 20 கொடுத்தால் அதிகம். மீதி 12 ஆம்பியர் பேட்டரியிலிருந்து போகிறது. இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து விடியற்காலை ஐந்து வரை எட்டு மணி நேரம், 96 ஆம்பியர்-மணி. 150 ஆம்பியர்-மணிப் பேட்டரியில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. எஞ்சின் இரவு முழுக்க ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று ஓட்டுநர் நம்பி, டீக்கடைக்குப் போகும்போது எஞ்சினை அணைக்கிறார். திரும்பி வந்தால், “செல்ஃப் எடுக்க மாட்டேங்குதுங்ணா” என்று எனக்கு அழைப்பு வருகிறது. அந்த ஓட்டுநர் மீது எந்தத் தவறும் இல்லை. ஐட்லிங் கணக்கை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் வண்டி எங்கே அதிக நேரம் நிற்கிறது, நிற்கும்போது எவை ஓடுகின்றன என்பதைத் தனியாக எழுதிக் கூட்டுங்கள். முட்டை ஏற்றக் கோழிப்பண்ணையில் காத்திருக்கும் வண்டிக்கும், சிமெண்ட் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும் வண்டிக்கும் இதே நிலைதான். மலைப்பாதை ஏற்றத்தைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாக ஏறினாலும் சிறிய கியரில் எஞ்சின் வேகமாகவே சுற்றுகிறது. ஆல்டர்னேட்டருக்குச் சுற்றுக் குறைவதில்லை. அங்கே அதற்கு எதிரி வெப்பம். காற்று அடிக்காமல் எஞ்சின் அறை கொதிக்கும்போது தாமிரச் சுருளின் மின்தடை ஏறி வெளியீடு குறைகிறது. கரூர் பரமத்திப் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தாண்டும் பகலிலும் இதே கதை.

ஆல்டர்னேட்டரைத் தேர்ந்தெடுத்தல்

மேற்சொன்ன வண்டிக்கு நான் 80 ஆம்பியர் போடுவேன். ஓடும்போது தேவைப்படும் 46-க்கு மேல் நல்ல இடைவெளி இருக்கிறது. ஐட்லிங்கில் 35 ஆம்பியருக்குக் குறையாமல் தருகிறதா என்பதைத் தயாரிப்பாளரின் வெளியீட்டு வரைகோட்டில் பார்த்து வாங்க வேண்டும். வரைகோட்டைக் காட்ட முடியாத கடையில் வாங்காதீர்கள். 120, 150 என்று கிடைத்ததை எல்லாம் வாங்குவதில் பொருளில்லை. சில பெரிய ஆல்டர்னேட்டர்கள் உச்சத்தில் நிறையக் கொடுத்தாலும், குறைந்த சுற்றில் சிறியதைவிடக் குறைவாகவே கொடுக்கின்றன.

அதோடு பெல்ட்டையும் நினைக்க வேண்டும். 80 ஆம்பியரை 28 வோல்ட்டில் கொடுப்பது 2,240 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம் என்று வைத்தால், அதைச் சுழற்ற எஞ்சின் 3,700 வாட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். அது ஐந்து ஹெச்.பி. நம் தோட்டத்துக் கிணற்று மோட்டாரின் முழுச் சுமையை ஒற்றை வி-பெல்ட் தாங்க வேண்டியிருக்கிறது. பழைய 45 ஆம்பியருக்கு மூன்று ஹெச்.பி.கூடத் தேவைப்படவில்லை. ஆகவே ஒற்றைப் பெல்ட் உள்ள வண்டியில் இரட்டைப் புல்லி வைக்க வழி உண்டா என்று பாருங்கள். இரட்டை பெல்ட் என்றால் இரண்டையும் ஒரே நீளத்தில் ஜோடியாக வாங்கி, ஒன்றாகவே மாற்றுங்கள்.

புல்லியின் விட்டமும் முக்கியம். கிராங்க் புல்லி 180 மி.மீ., ஆல்டர்னேட்டர் புல்லி 70 மி.மீ. என்றால் விகிதம் 2.57. எஞ்சின் 650 சுற்றில் ஐட்லிங் ஆகும்போது ஆல்டர்னேட்டர் 1,670 சுற்று சுழலும். எஞ்சின் 2,500 தொடும்போது 6,400-ஐத் தாண்டும். புல்லியைச் சிறிதாக்கினால் ஐட்லிங்கில் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் பெல்ட் புல்லியைப் பற்றும் பரப்பு குறைந்து வழுக்கும். உச்ச வேகமும் அளவை மீறலாம். பழைய புல்லியின் அளவிலேயே வைத்துத் தொடங்குவது நல்லது.

வாங்கும்போது தாங்கியின் போல்ட் இடைவெளி, சுழலும் திசை, முனைகளின் எண்ணிக்கை மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். இலகுரகச் சரக்கு வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பிரேக்குக்கான வேக்கம் பம்ப் இருக்கும். அந்த வண்டிகளுக்கு அதே பம்போடு கூடியதையே வாங்க வேண்டும். அதன் எண்ணெய்க் குழாயையும் வேக்கம் குழாயையும் புதிய வாஷரோடு மாட்டி, பிரேக்கைச் சோதித்துவிட்டுத்தான் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும்.

கம்பி

வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாமிரக் கம்பியில் இழக்கும் வோல்ட்டேஜைக் கணக்கிட எளிய வாய்பாடு ஒன்று உண்டு: 0.0175-ஐ மீட்டரில் நீளத்தாலும் ஆம்பியராலும் பெருக்கி, கம்பியின் குறுக்குப் பரப்பால், அதாவது கடையில் ‘ஸ்கொயர் எம்.எம்.’ என்று சொல்லும் எண்ணால் வகுக்க வேண்டும். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிப் பெட்டிக்குக் கம்பி ஓடும் வழியில் நான்கு மீட்டர் என்று கொள்வோம். பழைய கம்பி 6 ஸ்கொயர் என்றால், 80 ஆம்பியர் ஓடும்போது 0.93 வோல்ட் இழப்பு. ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டர் முனையில் 28 என்று பார்த்து நிம்மதியாக இருக்கும். பேட்டரிக்கோ 27-தான் வந்து சேரும், அது நிரம்பவே நிரம்பாது. இழந்த 0.93 வோல்ட்டை 80-ஆல் பெருக்கினால் 75 வாட். ஒரு ஹெட்லைட் பல்பு பிரைட்டில் எரியும் சூடு, அந்தக் கம்பியின் உறைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது.

தொழில் கற்ற புதிதில் நான் செய்த தவறே இதுதான். சேலத்திலிருந்து வடக்கே போகும் லாரி ஒன்றுக்குப் பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, கம்பி நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் ஓட்டுநர் ரப்பர் கருகும் வாடை வந்து வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தபோது, சேசிஸ் ஓரமாக ஓடிய வயர் கட்டு முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அவர் கவனமான மனிதர் என்பதால் உயிரும் சரக்கும் தப்பின. அன்று முதல் கம்பியை மாற்றச் சம்மதிக்காத வண்டிக்கு நான் ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்கிக் கொடுப்பதில்லை.

அதே நான்கு மீட்டருக்கு 10 ஸ்கொயரில் 0.56, 16 ஸ்கொயரில் 0.35, 25 ஸ்கொயரில் 0.22, 35 ஸ்கொயரில் 0.16 வோல்ட் இழப்பு. நான் 25 போடுவேன். நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் 35. பல இழைகள் கொண்ட, வளைந்து கொடுக்கும், எண்ணெயும் சூடும் தாங்கும் உறையுள்ள வாகனக் கேபிளாக இருக்க வேண்டும். வெல்டிங் கேபிள் மலிவாகவும் மென்மையாகவும் இருப்பதால் பலர் அதைப் போடுகிறார்கள். அதன் ரப்பர் உறை டீசலும் எஞ்சின் ஆயிலும் பட்டால் ஊறிக் கெட்டுவிடும். மேலே செம்புப் பூச்சும் உள்ளே அலுமினியமுமாக இருக்கும் கம்பியும் செம்பு என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்; வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இதே மின்னோட்டம் எர்த் வழியாகத் திரும்பியும் வர வேண்டும் என்பதை மறப்பவர்கள்தான் அதிகம். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் போகாது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டை ஒன்றின் வழியாகத்தான் அத்தனையும் திரும்புகிறது. அது இற்றுப்போனால் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கியர் இணைப்பு, பேரிங் என்று கிடைத்த வழியில் திரும்பி அவற்றையும் கெடுக்கும். ஆகவே ஆல்டர்னேட்டர் தாங்கும் போல்ட் ஒன்றிலிருந்து பேட்டரி மைனஸ் சேசிஸோடு சேரும் இடத்துக்கே, பிளஸ் கம்பியின் அதே பருமனில், தனி எர்த் கம்பி ஒன்றை இழுத்துவிடுங்கள். சேசிஸில் பெயிண்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, லக்கை (கம்பி முனையில் மாட்டும் துளையுள்ள உலோக முனை) வைத்து, ஸ்டார் வாஷரோடு இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். லக்குக்கு அடியில் பெயிண்ட் இருக்கக் கூடாது.

லக்கைக் கம்பியின் மேல் நசுக்கிப் பொருத்துவதற்கு, அதாவது லக் அடிப்பதற்கு அல்லது கிரிம்ப் செய்வதற்கு, சுத்தியல் பயன்படாது. ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி இல்லையென்றால், ஊரில் மின்வாரிய ஒப்பந்த வேலை செய்பவர்களிடம் இருக்கும். அளவைச் சொல்லி அடித்து வாங்கி வாருங்கள். ஈயம் வைத்துப் பற்றவைப்பதை நான் விரும்புவதில்லை. ஈயம் இழைகளுக்குள் ஏறி, கம்பியின் முனை விறைத்துப்போய், லாரியின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்தில் ஒடிகிறது. கிரிம்ப் செய்த பிறகு பசையுள்ள சுருங்கு உறையைச் சூடு காட்டி மூடிவிட்டால் ஈரம் ஏறாது.

ஃப்யூஸ்

இது இல்லாமல் வண்டியை வெளியே விடவே கூடாது. ஆல்டர்னேட்டர் தன் அளவுக்கு மேல் கொடுக்காது. ஆனால் பேட்டரி, கம்பி சேசிஸில் உரசிவிட்டால், ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் கொட்டும். ஆகவே ஃப்யூஸ் பேட்டரிப் பக்கம், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். 80 ஆம்பியருக்குக் கால் பங்கு சேர்த்து 100 ஆம்பியர் போல்ட் வகை ஃப்யூஸ் போதும்; 25 ஸ்கொயர் கம்பி அதைத் தாங்கும். ஃப்யூஸ் காப்பது கம்பியை. ஆகவே மெல்லிய கம்பிக்குப் பெரிய ஃப்யூஸ் வைப்பது ஃப்யூஸே இல்லாததற்குச் சமம்.

வேலையைச் செய்யும் வரிசை

மோதிரம், கைக்காப்பு, கழுத்துச் சங்கிலி அனைத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரிக்கும் சேசிஸுக்கும் இடையே ஸ்பானரோடு சேர்ந்து அகப்பட்ட வெள்ளிக் காப்பு நொடியில் சிவந்துவிடும். முதலில் சேசிஸுக்குப் போகும் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள், பிறகுதான் பிளஸ். மாட்டும்போது இதன் தலைகீழ் வரிசை. பழைய ஆல்டர்னேட்டரின் முனைகளைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியிலும் டேப் ஒட்டி எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

புதியதை மாட்டி, நீளமான நேர்ச்சட்டம் ஒன்றை இரண்டு புல்லிகளின் முகத்திலும் வைத்து அவை ஒரே கோட்டில் உள்ளனவா என்று பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பெல்ட் ஓரம் தேயத் தொடங்கும். வி-பெல்ட்டின் மேல்பரப்பு புல்லியின் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும். உள்ளே அமிழ்ந்து அடியைத் தொட்டால் பக்கங்கள் பற்றாமல் வழுக்கும். புல்லியின் அடிப்பகுதி கண்ணாடிபோல் மின்னினால் அதற்கு அதுவே சாட்சி. நீண்ட பக்கத்தின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 முதல் 12 மி.மீ. வரை இறங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ஆல்டர்னேட்டரின் பேரிங் போய்விடும்.

அடுத்து கம்பியை ஓட்டும் வழி. சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி, சுழலும் விசிறியையும் பெல்ட்டையும் விட்டு விலகி, டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டாமல் கொண்டுபோக வேண்டும். நெளிகுழாய் உறைக்குள் விட்டு, ஒரு சாணுக்கு ஒன்றாக ரப்பர் வைத்த கிளிப் போடுங்கள். சேசிஸில் துளை வழியே போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். எஞ்சின் அசையும் என்பதால் எஞ்சினிலிருந்து சேசிஸுக்குத் தாவும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். மக்காச்சோளமும் கோழித் தீவனமும் ஏற்றும் வண்டிகளில் எலி வந்து வயரைக் கடிப்பது உறுதி. அந்த வண்டிகளுக்குப் பிளாஸ்டிக் உறைக்குப் பதில் உலோக நெளிகுழாய் போடுகிறேன். உலோகத்தின் முனைகள் கூர்மையாக இல்லாமல் மழுக்கி, ரப்பர் மூடியிட வேண்டும்.

பழைய வண்டிகள் சிலவற்றில் டாஷ்போர்டில் ஆம்ப் மீட்டர் இருக்கும். முழுச் சார்ஜிங் மின்னோட்டமும் ஓட்டுநரின் முன்னால் போய்விட்டுத் திரும்புகிறது என்று அதற்குப் பொருள். 80 ஆம்பியரை அதன் வழியே விடக் கூடாது. அந்த இரண்டு பெரிய கம்பிகளையும் விடுவித்து, மீட்டரை நீக்கி, அந்த இடத்தில் ஒரு வோல்ட் மீட்டர் வையுங்கள். பேட்டரியின் நலத்தை அறிய ஓட்டுநருக்கு அதுவே கூடுதலாக உதவும்.

சிறு முனைகளில் ‘டி பிளஸ்’ சார்ஜ் விளக்குக்குப் போவது. அந்த விளக்கின் வழியாக வரும் சிறு மின்னோட்டம்தான் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது. ஆகவே அந்தப் பல்பு ஃப்யூஸ் போயிருந்தாலோ, அழகுக்காக அதை எல்.இ.டி.யாக மாற்றியிருந்தாலோ புத்தம் புதிய ஆல்டர்னேட்டர்கூடச் சார்ஜ் கொடுக்காமல் நிற்கும். பல ஆல்டர்னேட்டர்கள் இதனால் கெட்டுவிட்டன என்று தூக்கி எறியப்படுகின்றன. எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம் இது. ‘டபிள்யூ’ முனை எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டருக்கு. ‘எஸ்’ என்ற முனை இருந்தால், அதைத் தனி மெல்லிய கம்பியில், சிறு ஃப்யூஸோடு, நேராகப் பேட்டரி பிளஸுக்குக் கொண்டுபோங்கள்; ரெகுலேட்டர் பேட்டரியின் வோல்ட்டேஜையே பார்த்துச் சரிசெய்யும்.

ஏ.சி. மின்விசிறி, வெளிச்ச விளக்கு போன்ற புதிய சுமைகளைப் பழைய ஸ்விட்ச் வழியாக எடுக்காமல், ஒவ்வொன்றுக்கும் ரிலேவும் (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஃப்யூஸும் வைத்துத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

இறங்கிப்போன பேட்டரியோடு புதிய ஆல்டர்னேட்டரை ஓட விடாதீர்கள். முதல் நாளே அது மணிக்கணக்கில் உச்சத்தில் ஓடிச் சூடேறும். பேட்டரிகளை வெளியே சார்ஜரில் நிரப்பிவிட்டு மாட்டுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சார்ஜ் விளக்கு அணைய வேண்டும். சுமை இல்லாமல் 27.5-க்கும் 28.5-க்கும் இடையே, எல்லாச் சுமையோடும் ஐட்லிங்கில் 27-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். 29-ஐத் தாண்டினால் உடனே அணைத்து ரெகுலேட்டரைப் பாருங்கள். தொடக்கத்தில் செய்த இரண்டு இழப்புச் சோதனைகளையும் திரும்பச் செய்து, எண்களை வண்டியின் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிட அவை வேண்டும். அரை மணி ஓடிய பிறகு எஞ்சினை அணைத்து ஒவ்வொரு லக்கையும் புறங்கையால் தொடாமல் நெருங்கிப் பாருங்கள். கம்பியைவிட லக் சூடாக இருந்தால் கிரிம்ப் சரியில்லை.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றி ‘டைனமோ வேலை செய்கிறதா’ என்று பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. பேட்டரி விலகிய நொடியில் வோல்ட்டேஜ் பாய்ந்து ஏறி டயோடுகளையும் ரெகுலேட்டரையும் வண்டியில் உள்ள மின்னணுப் பொருள்களையும் கொன்றுவிடும். பேட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச் இருக்கும் வண்டிகளில் எஞ்சின் முழுவதும் நின்ற பிறகே அதைத் திருப்ப வேண்டும். பாடி பட்டறையில் வெல்டிங் வைக்கும்போதும் இதே கவனம் தேவை: பேட்டரியின் மைனஸையும் ஆல்டர்னேட்டரின் பி பிளஸையும் கழற்றி உறை மாட்டி, வெல்டிங் எர்த் கிளாம்ப்பை வேலை நடக்கும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸ் செய்யும்போது ஆல்டர்னேட்டரின் மேல் ஒரு பாலித்தீன் உறையைக் கட்டிவிட்டு, முடிந்ததும் மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள்.

புதிய பெல்ட் முதல் 200 கிலோமீட்டருக்குள் கொஞ்சம் நீளும். அப்போது ஒரு முறை இறுக்கி, அன்றே எர்த் போல்ட்டையும் பி பிளஸ் நட்டையும் ஸ்பானர் வைத்துப் பாருங்கள். வண்டி நெடுந்தூரம் புறப்படுகிறதென்றால், பெல்ட் ஒரு ஜோடி, 100 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு, சார்ஜ் விளக்குப் பல்பு ஒன்று, சிறு மல்டிமீட்டர் ஒன்று ஆகியவற்றை ஒரு டப்பாவில் போட்டு ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னால் வைத்து, ஃப்யூஸ் இருக்கும் இடத்தை அவருக்கும் கிளீனருக்கும் நேரில் காட்டிவிட்டு அனுப்புங்கள்.